அமலோற்பவத்துக்கு மிஞ்சிய பேச்சு

மணல்மேட்டுத்துறை அந்தோணியார் கோயில் மைதானத்தில் நாடகம் நடந்து முடிந்த மறுநாள் காலை, மீன் ஏலத்துக்கு வந்த வெளியூர் வியாபாரி ஒருவன் சகாயத்திடம் இறால் கம்பெனியில் அமோனியா கசிந்த கதையைக் கேட்டான். எத்தனையோ பேருக்குச் சொன்ன கதைதானே என்று சகாயமும் பீடியைக் கீழே போட்டுவிட்டு வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடி இருந்தது, ஒரு சொல்லும் வரவில்லை. பேச்சே நின்றுபோய்விடவில்லை. ஐஸ் விலை ஏறிப்போச்சு என்று சொல்ல வந்தது, தள்ளி நில்லும் வே என்று வியாபாரியை அதட்ட வந்தது. முந்தின நாள் மாலை மேடையில் ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்து சகாயத்தின் கதை என்று சொன்னானே, அந்தப் பேச்சு மட்டும் அடியோடு அவரை விட்டுப் போயிருந்தது. வேறு சொல் போட்டுச் சுற்றிப் போகப் பார்த்தார், அந்த வழியும் அடைத்துக் கிடந்தது. கையால் காட்டப் பார்த்தார், கை பாதியில் நின்றது. “எல்லாம் உள்ளதான் கெடக்கு, வெளிய வர வாசல் இல்ல” என்று சொல்லிவிட்டு, வேறு என்ன செய்ய என்று தெரியாமல், கீழே போட்ட பீடியைத் தேடி எடுத்துப் பற்றவைத்தார்.

மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது, நாடகக்காரர்களிடம் பேட்டி கொடுத்த அத்தனை பேருக்கும் இதே கதிதான் என்று. நாடகத்தில் வந்த பேச்சு எல்லாம் போய்விட்டது, நாடகத்தில் வராத பேச்சு எல்லாம் இருந்தது. இதற்கு முன் நாடகம் போட்ட ஊர்களிலும் இப்படி நடந்ததா என்றால் அதைச் சொல்ல ஆள் கிடையாது, ஏனென்றால் நாடகம் முடிந்த ஊருக்கு அந்தக் குழு திரும்பிப் போனதே இல்லை. மணல்மேட்டுத்துறைக்கு மட்டும் போகவேண்டியிருந்தது, காரணம், மேடையில் நாற்காலியில் உட்கார்ந்து பேசிய சொரிமுத்துவின் வீடு அங்கிருந்து ரெண்டு ஸ்டாப் தள்ளித்தான் இருந்தது.

சொரிமுத்து நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, மைக் செட் கடையில் குழாய் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு பனைமரம் ஏறின ஆள். காலேஜ் படித்த நம்பிராஜன், ஊர் ஊராகப் போய் ஜனங்களைப் பேட்டி எடுத்து, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே மேடையில் பேசவைக்கிற செவிவழி நாடகக் குழுவை ஆரம்பித்த காலத்தில், இவன் மைக் போடப் போனான். போன இடத்தில் நடிகர்கள் எல்லாரும் தடுமாறிய ஒரு கிழவரின் பேச்சை, வயரைச் சுருட்டிக்கொண்டே, இருமலும் செருமலும் உட்பட ஒப்பித்துவிட்டான். காதில் ஒரு தடவை விழுந்தது அவனை விட்டுப் போகாது. அன்றைக்கே நம்பிராஜன் அவனைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார். வேஷம் கிடையாது, விக் கிடையாது, பொம்பளை பேச்சாக இருந்தாலும் மீசையோடு கைலியோடு உட்கார்ந்து அப்படியே பேசவேண்டியது, ஒரு ‘ம்’ கூடக் குறையக் கூடாது, ஒரு ‘ம்’ கூடக் கூடக் கூடாது. அதுதான் அவர் வைத்த சட்டம்.

அப்படிப் பேசிப் பேசி சொரிமுத்துவுக்கு மீசை நரைத்தது. நோட்டீசில் நம்பிராஜன் பெயர் பூசணிக்காய் அளவுக்கும் தன் பெயர் கடுகு அளவுக்கும் இருந்ததை அவன் மறக்கவில்லை. டெல்லியில் சால்வை போர்த்தும்போது மேடையில் இடம் பத்தாது என்று தன்னை வேன் பக்கத்தில் நிற்கச் சொன்னதையும், கூட நடித்த ரூபாவதி டிவி சீரியலில் மாமியார் ஆன பிறகு ரயிலில் தன்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதையும், வெளிநாட்டுக்கு எல்லாரும் போனபோது உனக்குக் குளிர் ஒத்துக்காது முத்து என்று விட்டுவிட்டுப் போனதையும் மறக்கவில்லை. காதில் விழுந்ததே போகாதவனுக்கு நெஞ்சில் விழுந்தது எப்படிப் போகும்? இனி இந்த ஆளோடு போகமாட்டேன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வான். வேன் வந்து ஹாரன் அடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏறிவிடுவான். மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவன் ஏறாமல் இருந்த நாள் கிடையாது.

பேச்சு போன விஷயத்தை ஊர் முதலில் உப்புக்காற்று என்றது. கம்பவுண்டர் தொண்டைக்கு ஊதா மருந்து தடவிவிட்டார். பங்குச்சாமியார் பூசையில், கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது நல்ல பழக்கம் இல்லை என்று பிரசங்கம் வைத்தார். பிறகு ஊருக்கு அது பழகிப்போனது, காற்று திசை மாறினால் வலையை மாற்றிக்கொள்கிற மாதிரி. பழகின பிறகு அதில் ஒரு உபயோகமும் தெரிந்தது. முதலில் கண்டுபிடித்தவள் கிறிஸ்துராசாவின் பெண்டாட்டி பிலோமினா. சாயங்காலமானால் முக்கில் நின்று தெருவையே நாறடிக்கிறவன் அவள் புருஷன்.

அவள் வேன் நின்ற இடத்துக்கே வந்தாள். “தம்பி, எங்க வீட்டாளு பேச்சையும் எடுத்துட்டுப் போயிருங்களேன். புண்ணியமாப் போவும்.”

“அவரு என்ன பேசுவாரு?” என்றான் சொரிமுத்து.

“பேசுனா நீங்க காதப் பொத்திக்கிடுவீய.”

நம்பிராஜனுக்கு இது தேன். ஊரின் ஏச்சுகளை மட்டும் வைத்து ஒரு சின்ன நாடகம் போட்டார். கிறிஸ்துராசாவின் பேச்சை சொரிமுத்து பங்குச்சாமியார் முன்னாலேயே பேசினான், ஒரு வார்த்தை விடவில்லை, சாமியார் மட்டும் அந்த நேரம் பார்த்து மெழுகுவர்த்தியைக் கவனிக்கப் போய்விட்டார். மறுநாள் சாயங்காலம் கிறிஸ்துராசா முக்கில் வந்து நின்று, கையை ஓங்கி, கரையில் போட்ட பாரை மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினான். தெரு கூடி நின்று பார்த்தது. பிறகு மாமியார்கள் மருமகள்களைக் கூட்டிவந்தார்கள், மருமகள்கள் மாமியார்களைக் கூட்டிவந்தார்கள். கொஞ்ச நாளில் பிலோமினாவே மறுபடியும் வந்து நின்றாள். “வீடு எழவு வீடு மாதிரி கெடக்கு தம்பி. ஒரே ஒரு கெட்ட வார்த்தையையாவது திருப்பிக் குடுங்க. அந்த மனுசன் என்னையப் பாத்துப் பாத்து அழுதாரு.” திருப்பிக் கொடுக்க யாருக்குத் தெரியும்? அதற்கப்புறம் ஊர் உஷாரானது. பெண் பார்க்கப் போனால் நாடகக்காரர்களிடம் பேசியிருக்கிறாளா என்று விசாரித்தார்கள். கடலில் போன புருஷனின் பெயரைப் பெண்கள் டேப் ரெக்கார்டர் இருக்கும் வீட்டில் உச்சரிக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

அமலோற்பவம் மட்டும் தன் பேச்சு போனதை வெகுநாள் பெரிதாக நினைக்கவில்லை. அவள் கம்பெனியில் இறால் உரிக்கிறவள், அவள் மகள் ஜெசிந்தாவும் அங்கேதான் உரித்தாள். அமோனியா கசிந்த அன்று ஜெசிந்தா குளிர் அறைக்குள் இருந்தாள், அமலோற்பவம் வெளியே மீன் பெட்டி கழுவிக்கொண்டிருந்தாள். நாடகம் முழுவதையும் தாங்கி நின்றது அவளுடைய பேச்சுதான். சொரிமுத்து கைலியோடு உட்கார்ந்து, நம்பிராஜன் காட்டிக்கொடுத்தபடி அவளைப் போலவே வலது முழங்காலைத் தடவிக்கொண்டு அதைச் சொல்வான்: “லோடு ஏறாம ஒருத்தியும் வெளிய போகப்படாதுன்னு பின்னால ஷட்டரப் பூட்டுனது சூப்பர்வைசரு. சாவி அவன் இடுப்புல தொங்குச்சி. நான் கண்ணால பாத்தேன். உள்ளருந்து எம்புள்ள தட்டுதா. சாவியக் குடுய்யான்னு காலப் புடிச்சேன். முதலாளிக்கிட்ட கேக்கணும்னு ஃபோன எடுத்தான்.” மதுரையில் அதைக் கேட்டு அழுதார்கள், சென்னையில் எழுந்து நின்றார்கள், டெல்லியில் பாஷை புரியாதவர்களும் மூக்கைச் சிந்தினார்கள். உள்ளூரில் யாரும் அவளிடம் வந்து நடந்ததைக் கேட்கவில்லை, அதுதான் நாடகத்தில் சொல்லியாயிற்றே என்று விட்டுவிட்டார்கள். கேட்க ஆள் இல்லாததால் சொல்ல முடியாததும் அவளுக்கு உறைக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான், அமோனியா கசிவுக்காகப் போட்டு எல்லாரும் மறந்திருந்த விசாரணைக் கமிஷன் திடீரென்று தாலுகா ஆபீசில் வந்து உட்கார்ந்தது. அமலோற்பவத்துக்குச் சம்மன் வந்தது. உள்ளே இருந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. வெளியே இருந்த மற்றப் பெண்கள் பெயர் மாற்றித் திறந்த அதே கம்பெனியில் மறுபடியும் இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள், அன்றைக்கு நாங்கள் வேலைக்கே வரவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஷட்டரைப் பூட்டியதைப் பார்த்தவள் என்று பாக்கி இருந்தது இவள் ஒருத்திதான்.

அவள் பஸ் ஏறி சொரிமுத்து வீட்டுக்கு வந்தாள்.

“தம்பி, எம்பேச்சு உங்ககிட்ட இருக்கு. ஒரு நாளைக்கு மட்டும் குடுங்க. ஜட்ஜய்யா முன்னால சொல்லிட்டுத் திருப்பித் தந்துருதேன்.”

“எப்படி அக்கா குடுக்கது? எனக்குத் தெரிஞ்சா குடுக்க மாட்டேனா?”

“அந்தச் சூப்பர்வைசரு இப்பவும் எங்க தெரு வழியாத்தான் பைக்குல போறான். என்ன அக்கா, சாப்ட்டாச்சான்னு கேக்கான் தம்பி. நான் என்ன சொல்ல? ஆச்சுய்யாங்கேன்.”

சொரிமுத்து அவளை எதிரே உட்காரவைத்து ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுத்தான். அவள் வாயைப் பார்த்துச் சொன்னான், காதில் சொன்னான், அவளுடைய குரலிலேயே சொன்னான். அவள் உதடு அசையும், அந்த இடம் வந்ததும் சொல் வழுக்கி அந்தப் பக்கம் போய்விடும். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்கு இரண்டு பேரும் போய் உப்பும் மிளகும் போட்டார்கள். பிலோமினா சொன்னாள் என்று, அவன் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பிக்கூடப் பார்த்தான். தண்ணீர்தான் வந்தது.

கடைசியில் நம்பிராஜன் வீட்டுக்குப் போய், பழைய பேட்டி டேப்பைத் தரச்சொல்லிக் கேட்டான்.

“எந்த டேப்?” என்றார் அவர். “உனக்குத் தெரியாதா முத்து? நான் டேப்பை வெச்சிருக்கிறதில்ல. வேணுங்கிற பகுதிய மட்டும் வேற டேப்ல ஏத்தி உனக்குப் போட்டுக் காட்டுவேன். நீ மனப்பாடம் பண்ணினதும் ரெண்டையும் அழிச்சு மேல அடுத்த ஊரை ரெக்கார்ட் பண்ணிடுவேன். டேப் செத்தது. உடம்புதான் சாட்சி. எத்தனை கூட்டத்துல சொல்லியிருக்கேன்.”

“வேணுங்கிற பகுதின்னா? வேண்டாத பகுதின்னு ஒண்ணு இருந்துச்சா சார்?”

“அந்த அம்மா அரை நாள் பேசிச்சு. அரிசி ஊறப்போட்டது, செருப்பு அறுந்தது, எல்லா வீட்லயும் நடக்கிற சமாச்சாரம். அதெல்லாம் மேடையில நிக்காதுப்பா. வெட்டிட்டேன்.”

பேட்டிக்குத் தன்னைக் கூட்டிப் போனதே இல்லை, வெட்டினதையும் சொன்னதில்லை. சொரிமுத்து அதையும் மற்றவற்றோடு சேர்த்து நெஞ்சில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

விசாரணை அன்று தாலுகா ஆபீஸ் வாசலில் கூட்டமில்லை. ஜட்ஜய்யா வயதானவர், நல்ல மனிதர் மாதிரித்தான் இருந்தார், மின்விசிறியின் சத்தத்தில் கேட்காது என்று அதை அவரே நிறுத்தச் சொன்னார். கம்பெனி வக்கீல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். சூப்பர்வைசர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் பெஞ்சில் இருந்தான், அமலோற்பவம் வந்ததும் எழுந்து அவளுக்கு வழிவிட்டான். சொரிமுத்து கடைசியில் சுவரோரம் நின்றான்.

“சொல்லுங்கம்மா. அன்னைக்கு என்ன நடந்தது? பயப்படாமச் சொல்லுங்க.”

அமலோற்பவம் வாயைத் திறந்தாள். அவளிடம் மிஞ்சியிருந்த பேச்சு கடகடவென்று வந்தது.

“காலையில எந்திரிச்சதும் இட்லிக்கு அரிசி ஊறப்போட்டேன்யா. வெந்தயம் போடாதம்மா, கசக்குன்னு புள்ள சொன்னா. நான் போட்டுட்டேன். ரெண்டு பேருக்கும் சண்ட. அவ செருப்பு வாரு அறுந்துபோச்சி, நான்தான் ஊக்கு மாட்டிக் குடுத்தேன். ஊக்கு குத்துதும்மான்னா. சாயங்காலம் புதுசு வாங்கித் தாரேன்னேன்...”

“சரிம்மா. கம்பெனிக்குப் போனீங்க. அமோனியா கசிஞ்சப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

அவள் நின்றாள். உதடு அசைந்தது. வலது முழங்காலைத் தடவினாள்.

“பின்பக்க ஷட்டர் பூட்டியிருந்ததா? யார் பூட்டினது?”

உதடு அசைந்தது. சூப்பர்வைசர் தலையைக் குனிந்து தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு எதையும் சொல்ல முடியாமல், அவள் போன வழியே திரும்பி வந்தாள். “அரிசி ஊறப்போட்டேன்யா. வெந்தயம் போடாதம்மான்னா...”

கம்பெனி வக்கீல் எழுந்து, சாட்சிக்கு மனநிலை சரியில்லை என்று மெதுவாக, இரக்கத்தோடு சொன்னார். அப்போதுதான் சொரிமுத்துவுக்குத் தாங்கவில்லை. சுவரோரம் நின்ற இடத்திலேயே, அமலோற்பவத்தின் குரலில், அவளுடைய மூச்சோடு, மொத்தத்தையும் சொன்னான். ஷட்டரைப் பூட்டியதைச் சொன்னான், இடுப்பில் தொங்கிய சாவியைச் சொன்னான், உள்ளே இருந்து தட்டியதைச் சொன்னான். அத்தனை மேடையிலும் சொன்னதைவிட நன்றாகச் சொன்னான். ஜட்ஜய்யா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அமலோற்பவம் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டப் பார்த்தாள், கழுத்து அசையவில்லை.

“நீங்க யாரு?” என்றார் ஜட்ஜய்யா.

“நடிகருங்க ஐயா” என்றார் கம்பெனி வக்கீல். “இந்த வசனம் டெல்லியில பரிசு வாங்கினது. நானே பார்த்திருக்கேன். ரொம்ப நல்லா இருக்கும்.”

“சம்பவத்தன்னைக்கு அங்க இருந்தீங்களா?”

“இல்லய்யா. நாடக வேலையா வேற ஊர்ல இருந்தேன். ஆனா இது அக்கா சொன்னதுதான், ஒரு ‘ம்’ கூட மாறல...”

“அப்போ நீங்க பார்க்கல.” ஜட்ஜய்யா பெருமூச்சு விட்டார். “வெளியில உட்காருங்க.”

பியூன் அவன் முழங்கையைப் பிடித்தான், முரடாகப் பிடிக்கவில்லை, கல்யாண வீட்டில் பந்திக்குக் கூட்டிப் போகிற மாதிரிப் பிடித்தான். சொரிமுத்து வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசர் வந்தான், பைக்கை எடுத்தான், போனான். அவனுக்குப் பின்னால் அமலோற்பவம் வந்தாள்.

அவளுக்காகவே காத்திருந்த மாதிரி, அங்கே நின்ற காரிலிருந்து நம்பிராஜன் இறங்கி வந்தார். அவரும் உள்ளே முன்பக்கமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அவர் கண் ஈரமாக இருந்தது, அது பொய்யில்லை என்பதுதான் சொரிமுத்துவுக்கு இன்னும் ஆத்திரம்.

“அம்மா, நான் தப்புப் பண்ணிட்டேன். நான் வெட்டிப் போட்டதுதாம்மா உண்மையான நாடகம். அரிசி, வெந்தயம், ஊக்கு... ஒரு ஜட்ஜு ஷட்டரைப் பத்திக் கேக்கிறாரு, ஒரு தாய் வெந்தயத்தைப் பத்திச் சொல்றா. யாரும் மூச்சு விட முடியாதும்மா. ஞாயித்துக்கிழமை வரேன். முழுசாச் சொல்லுங்க. இந்தத் தடவை ஒண்ணையும் வெட்டமாட்டேன்.”

“வேண்டாம் சார்” என்றான் சொரிமுத்து. “அவங்கள்ட்ட இருக்கது அது ஒண்ணுதான்.”

“நீதான் முத்து பண்ணப்போற. நோட்டீஸ்ல உன் பேரை முதல்ல போடறேன்.”

“மாட்டேன்.”

நம்பிராஜன் சிரித்துக்கொண்டு அவன் தோளைத் தட்டினார். அந்த மாட்டேனை அவர் எத்தனையோ தடவை கேட்டவர்.

“வாங்க சார், ஞாயித்துக்கிழமையே வாங்க” என்றாள் அமலோற்பவம். அன்றைக்குக் காலையிலிருந்து அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது அப்போதுதான். “யாரு வந்து கேக்கா இதையெல்லாம்?”

திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் ஒரே சீட் கிடைத்தது. உப்பளம் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது.

“அக்கா, அவருகிட்டச் சொல்லாதீங்க. சொன்னா அதும் போயிரும். அப்புறம் புள்ளையப் பத்திப் பேச ஒரு சொல்லு இருக்காது.”

“சொல்லாம வச்சிருந்து என்ன தம்பி செய்ய? கேக்க ஒரு ஆளு வேணும்லா?”

அவள் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு அவன் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். “ஜட்ஜய்யா பாதியிலயே நிப்பாட்டிட்டாரு. மிச்சத்த நீங்க கேளுங்க. ஊக்கு மாட்டிக் குடுத்தம்லா, அப்போ அவ...”

சொரிமுத்துவுக்குத் தன் காதைப் பற்றித் தெரியும். ஒரு தடவை விழுந்தால் போதும், அது அங்கேயே உட்கார்ந்துவிடும், என்றைக்கோ ஒருநாள் ஹாரன் சத்தம் கேட்கும், அவன் மாட்டேன் என்பான், ஏறுவான், ஏதோ ஒரு ஊரில் விளக்கு எரியும், நாற்காலி கிடக்கும், வாய் தானாகத் திறக்கும். அவன் இரண்டு ஆள்காட்டி விரலையும் எடுத்து இரண்டு காதிலும் வலிக்கிற அளவுக்கு அழுத்தி வைத்துக்கொண்டான்.

அமலோற்பவம் கோபப்படவில்லை. அவன் முழங்காலை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தொடர்ந்து சொல்லிக்கொண்டே வந்தாள். முன் சீட்டுக்காரர்கள் இவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், ஒரு தாய் பேசும்போது காதைப் பொத்திக்கொண்டிருக்கிற மனிதனை எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்தார்கள். பஸ்ஸின் உறுமல் மட்டும் அவன் எலும்பில் கேட்டது. அவள் சிரித்தாள், எதற்கோ யாரையோ செல்லமாக அடிக்கிற மாதிரி கையை ஓங்கினாள், பிறகு தன் தோளிலிருந்து இடுப்பு வரை விரலை இழுத்து, முடி இவ்வளவு நீளம் என்று அளந்து காட்டினாள்.

அதையும் பிடித்துக்கொள்ளக் கூடாதே என்று சொரிமுத்து கண்ணையும் மூடிக்கொண்டான்.